மைதான ஓரத்தில் நிற்கும் அப்பா அம்மாக்கள் கேட்பவை: பள்ளி ஓட்டத்தில் இருந்து மாநில அணி வரை

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், சாயங்கால நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. நானும் ஒரு காலத்தில் 400 மீட்டர் ஓடி, மாவட்டத்தில் இரண்டாவதாக வந்து, அதோடு நின்றுபோனவன். பைக்கை வேலியோரம் நிறுத்திவிட்டு நிற்கிற அப்பாக்களும், காய்கறிப் பையோடு வந்து நிற்கிற அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தடகளம், அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பள்ளி விளையாட்டு விழாவில் என் பையன்தான் முதல். அவனுக்குத் திறமை இருக்கிறதா?

இருக்கலாம். ஆனால் 12 வயதில் முதலாவதாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவே பத்து மாத வயது வித்தியாசம் இருக்கும். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. சீக்கிரம் வளர்ந்தவன் ஜெயிப்பான். இரண்டு வருடம் கழித்து மற்றவனும் வளர்ந்து வரும்போதுதான் நிஜமான பந்தயம்.

நான் பார்ப்பது வேறு. தோற்ற மறுநாள் மைதானத்துக்கு வருகிறானா? கடைசி முப்பது மீட்டரில் தோளை இறுக்கிக்கொள்கிறானா, தளர்வாக ஓடுகிறானா? போன ஜூன் மாதம் 100 மீட்டருக்கு எத்தனை நொடி, இந்த ஜூனில் எத்தனை? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மாதம் ஒரு முறை தேதி போட்டு நேரத்தை எழுதி வையுங்கள். கோப்பையைவிட அந்த நோட்டு அதிகம் சொல்லும்.

குறுவட்டம், மாவட்டம், சங்கம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது வழி?

வழி இரண்டு இருக்கிறது. குழப்பமே அதனால்தான்.

ஒன்று பள்ளிக்கல்வித் துறை வழி. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் குறுவட்டப் போட்டியில் தொடங்கி, வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். குடியரசு தின விழா விளையாட்டுப் போட்டிகள் என்று சொல்வது இதைத்தான். வயதுப் பிரிவு 14, 17, 19. மாநிலத்தில் தேர்வானால் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. இதற்கு அனுப்புவது உங்கள் பள்ளியின் பி.டி. சார் அல்லது டீச்சர். அவர் பெயர் கொடுக்காவிட்டால் பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும் வீட்டில்தான்.

இன்னொன்று சங்க வழி. மாவட்டத் தடகளச் சங்கம், மாநிலச் சங்கம், இந்தியத் தடகளக் கூட்டமைப்பு. இங்கே பிரிவுகள் 14, 16, 18, 20 வயதுக்கு உட்பட்டோர். மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டி ஒன்று 14, 16 வயதுப் பிள்ளைகளுக்கென்றே நடக்கிறது. நாடு முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள்.

இவை தவிர முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள் என்று பிரித்து நடத்துகிறார்கள். மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய் என்று அறிவித்ததில் இருந்து மைதானத்தில் கூட்டம் கூடிவிட்டது. நல்லதுதான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு 2024 ஜனவரியில் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் நடந்தபோது தமிழ்நாடு 38 தங்கத்தோடு மொத்தம் 98 பதக்கம் வாங்கி, மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. அப்போது அண்ணா விளையாட்டரங்கத்துக்கு எங்கள் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனேன். அந்த ஒரு நாளில் கற்றதை நான் ஒரு வருடம் கத்தியும் சொல்லித் தர முடியாது.

இரண்டு வழியிலும் போகலாம். ஆனால் ஒரு சீசனில் எல்லாவற்றிலும் ஓட வைக்காதீர்கள்.

விளையாட்டு விடுதி என்கிறார்களே, அது என்ன? எப்படிச் சேர்ப்பது?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், 1992-இல் தொடங்கியது, பல மாவட்டங்களில் விடுதிகள் நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, உடை எல்லாம் இலவசம். பிள்ளை பக்கத்தில் உள்ள பள்ளியில் படிக்கும், காலையும் மாலையும் பயிற்சி. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். 10, 12 ஏன் இல்லை என்று கேட்க வேண்டாம், பொதுத்தேர்வுதான். இன்னும் சிறியவர்களுக்கு முதன்மை நிலை விளையாட்டு மையம் என்று தனியாக இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சிறப்பு நிலை விடுதி. விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில். கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், சில நாள்தான் அவகாசம் இருக்கும். சந்தேகம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய்க் கேளுங்கள். போன் பண்ணுவதைவிட நேரில் போவது நல்லது.

எல்லா விடுதியிலும் எல்லா விளையாட்டும் இருக்காது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஹாக்கி என்றால் கோவில்பட்டி. அரியலூரில் இருந்து அங்கே போய்ப் பயின்ற கார்த்தி செல்வமும், உள்ளூர்ப் பையனான மாரீஸ்வரன் சக்திவேலும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஒன்றாகப் போனார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். வீட்டுக்குப் பக்கத்து விடுதி என்று பார்க்காமல், அந்த விளையாட்டுக்கு நல்ல பயிற்சியாளர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும்.

விடுதித் தேர்வு நாளில் என்னென்ன வேண்டும்?

போன வருடம் நான் கூட்டிப்போன பையனின் கதையைச் சொல்கிறேன். விடியற்காலை நாலரைக்குப் பஸ். ஏழு மணிக்கெல்லாம் அரங்க வாசலில் வரிசை. அவனுக்கு முன்னால் நின்ற பெண் பிள்ளைக்கு அவள் அம்மா நின்றபடியே இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறு. மேசையில் இருந்தவர் சத்தம் போடவில்லை, இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். பையன் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) பையைத் திறக்கவே இல்லை.

அதனால் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா? திருத்த வேண்டுமென்றால் அதற்கு வாரங்கள் ஆகும். எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். அரங்கத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அன்று நிற்கிற வரிசை தேர்வு வரிசையைவிடப் பெரிது.

சாப்பாடு வழக்கமாகச் சாப்பிடுவதுதான். அன்றைக்கென்று பாதாம், புது எனர்ஜி பானம் எதுவும் வேண்டாம். முக்கியமாகப் புது ஷூ வேண்டாம்.

பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். சேர்ப்பதற்கு முன் ஒரு முறை போய்ப் பாருங்கள். காப்பாளர் யார், இரவில் யார் இருக்கிறார், பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, வீட்டுக்கு எப்போது பேசலாம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் ஆசிரியரோ மேலாளரோ போகிறாரா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள். மசாஜ், தனிப் பயிற்சி என்று யாராவது தனியாகக் கூப்பிட்டால் போகக்கூடாது என்பதை, சாலையைக் கடப்பதைச் சொல்லித் தருவது போல, சாதாரணக் குரலில் சொல்லி வையுங்கள்.

அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். கோவைக்காரர்களான வித்யா ராம்ராஜும் அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் ஏழாம் வகுப்பில் ஈரோட்டு விடுதிக்குப் போனவர்கள். அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு இரண்டு பேருமே போனார்கள். 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் வித்யா ஓடிய நேரம் 55.42 நொடி. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி.உஷா ஓடிய அதே நேரம், நூறில் ஒரு நொடி கூடக் குறைவும் இல்லாமல். இறுதியில் வெண்கலம். அப்போது அவருக்கு வயது 25. ஏழாம் வகுப்பில் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு பதின்மூன்று வருடம்.

விடுதித் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதானா?

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை, வீடு தேடிப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார். கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க அவரே அலைந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்கு ஓடிய நான்கு பேரில் மூன்று பேர் நம் ஆட்கள்: ரேவதி, திருச்சியின் சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ்.

விடுதி என்பது ஒரு வாசல். தினமும் ஒரே நேரத்தில் மைதானத்துக்கு வருகிற ஒரு பயிற்சியாளர் உங்கள் ஊரிலேயே இருந்தால், சில பிள்ளைகளுக்கு அதுவே மேல். வீட்டுச் சாப்பாடும் அம்மாவும் கூட இருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

எந்த வயதில் ஒரே போட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

14 வரை எல்லாம் செய்யட்டும். கபடியும் ஆடட்டும், குளத்தில் நீந்தட்டும்.

என் மகள் எட்டாம் வகுப்பில் மாவட்ட முதல். பத்தாவது வந்ததும் நேரம் குறையவே மாட்டேன் என்கிறது. சோம்பேறித்தனமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். எங்கள் மைதானத்தில் பிள்ளைகள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். தோற்று யாரும் விலகுவதில்லை. முன்பு ஜெயித்த நேரத்தையே மறுபடி தொட முடியாமல்தான் விலகுகிறார்கள்.

பையன்களுக்கு வயதுக்கு வரும் காலத்தில் தசை கூடுகிறது, ஒன்றும் செய்யாமலே வேகம் வரும். பெண் பிள்ளைகளுக்கு உடல் வேறு விதமாக மாறுகிறது. இடுப்பு அகல்கிறது, எடை கூடுகிறது, ஓடுகிற தாளமே புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு வருடம் நேரம் அப்படியே நிற்கும், சில சமயம் பின்னால்கூடப் போகும். இது இயற்கை. இந்த நேரத்தில்தான் பயிற்சியாளர் ஓட்டத்தைக் கூட்டுகிறார், வீட்டில் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் வந்து 'போதும், டியூஷனில் சேர்த்துவிடுங்கள்' என்கிறார். பிள்ளை மூன்று பக்கமும் அடி வாங்குகிறது.

செய்ய வேண்டியது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். சோம்பேறி என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அது 8.4 இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பிள்ளைகள் வாயில் அடக்கிவைத்து வெளியே துப்பிவிடுகிறார்கள், விசாரியுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால் 'பயிற்சியால்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிற வழி அது, எலும்பும் பலவீனமாகும். பயிற்சியாளர் ஆணாக இருந்தால் பிள்ளை அவரிடம் சொல்லாது. அம்மாதான் நடுவில் இருக்க வேண்டும்.

பொறுத்திருந்தால் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டில் மறுபடி நகரத் தொடங்கும்.

கால் வலிக்கிறது என்கிறான். ஓடினால் சரியாகிவிடுமா?

ஆகாது. முழங்காலுக்குக் கீழே மேடு போலப் புடைத்து வலித்தால், எலும்பு வேகமாக வளர்கிற வயதில் வருகிற வலியாக இருக்கலாம். கெண்டைக்காலின் முன்னெலும்பு வலித்தால், மண் தரையில் பழகிய கால் திடீரென்று சிந்தெடிக் டிராக்கில் ஓடியதாலோ, ஓட்டத்தைச் சட்டென்று கூட்டியதாலோ இருக்கலாம். ஓடி முடித்ததும் குறைகிற வலி வேறு, இரவில் தூங்கவிடாத வலி வேறு. இரண்டாவது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் போட்டு இழுத்துவிடுகிறவரிடம் முதலில் போகாதீர்கள். இரண்டு வாரம் ஓடாமல் இருந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா? ஒருவர் ஊசி போட்டால் வேகம் வரும் என்கிறார்.

ஊசி என்று பேச்சு எடுத்தவரிடம் இருந்து பிள்ளையை அன்றே கூட்டி வந்துவிடுங்கள். ஊக்கமருந்துச் சோதனை பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் நடக்கும். பிடிபட்டால் தடை நான்கு வருடம் வரை போகும், ஓட்டக்காரருக்கு அது பாதி வாழ்க்கை. ஆசியத் தங்கத்தை வாங்கிவிட்டுப் பறிகொடுத்த கதை எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. ஜிம்மில் விற்கிற டப்பாவிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 'எனக்குத் தெரியாது' என்பதைக் கேட்டுக்கொண்டு விட்டுவிட மாட்டார்கள். சளி, இருமல் மருந்துகூட போட்டிக் காலத்தில் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிற உண்மையான பிரச்சினை வேறு. மதியம் பன்னிரண்டரைக்குச் சத்துணவு, அப்புறம் நாலரைக்கு மைதானம், இடையில் ஒன்றுமில்லை. காலி வயிற்றோடு ஓடுகிறார்கள். ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய் பையில் போட்டு அனுப்புங்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோ சுண்டலோ ஏதாவது. டப்பா வாங்குகிற காசில் ஒரு மாதம் முட்டை வாங்கலாம்.

வயதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் என்ன? எல்லோரும் செய்கிறார்களே.

மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். மாட்டினால் தடை. மாட்டாவிட்டால் இன்னும் மோசம், சின்னப் பிள்ளைகளை ஜெயித்துப் பழகியவன் 20 வயதில் சொந்த வயதுக்காரர்களோடு ஓடும்போது நின்றுவிடுவான்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

தொடக்கத்தில் கிடைக்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பதக்கம் வரும்வரை பஸ் காசும் ஸ்பைக்ஸும் உங்கள் கையில் இருந்துதான். ஸ்பைக்ஸை இரண்டு அண்ணன்களிடம் இருந்து இறங்கி வந்ததாக வாங்கிக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.

மேலே போனால் மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் வீரராகத் தேர்வாகலாம். ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள், அதில் கையில் வருவது மாதம் 10,000 ரூபாய்; மீதி பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு வகையில் அகாடமிக்குப் போகும். மாநில அரசில் மூன்று படியாக உதவித் திட்டங்கள் இருக்கின்றன. வளரும் ஜூனியர்களுக்குச் சாம்பியன்கள் மேம்பாட்டுத் திட்டம், அதற்கு மேல் சர்வதேசப் பதக்கத்தைக் குறிவைக்கிறவர்களுக்கு ஒன்று, உச்சியில் எலைட் திட்டம். 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடமும் போட்டிப் பயணத்துக்கும் உபகரணத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

படிப்பு, வேலைக்கு இது உதவுமா?

உதவும், காகிதம் சரியாக இருந்தால். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம், தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கீடு. ரயில்வே, காவல்துறை, ராணுவம் தனியாக எடுக்கிறார்கள். ரேவதிக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை. அதே டோக்கியோவுக்குப் போன ராமநாதபுரத்து நாகநாதன் பாண்டி சென்னைக் காவல்துறைக்காரர்.

இங்கே 'பார்ம்' என்கிற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் போட்டிக்குப் பார்ம் 1, தேசியப் போட்டிக்குப் பார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பார்ம் 3, தேசியப் பள்ளிப் போட்டிக்குப் பார்ம் 4. மெடலோடு தந்த சான்றிதழ் மட்டும் போதாது, உரிய அமைப்பு கையெழுத்திட்ட பார்மும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத சங்கம் நடத்துகிற 'தேசியப் போட்டி' என்று பணம் கட்டி வெளிமாநிலம் போய், கனமான கோப்பையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கலந்தாய்வில் அந்தச் சான்றிதழை யாரும் கையில்கூட வாங்கவில்லை. கட்டணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிள்ளைக்குக் காலில் குறைபாடு. மைதானத்துக்கு அனுப்பலாமா?

கட்டாயம் அனுப்புங்கள். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிப்போனது. உயரம் தாண்டச் சொன்னது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பாராலிம்பிக்கில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் பாரிஸில் பேட்மின்டனில் வெள்ளி. இந்தப் போட்டிகளில் குறைபாட்டின் வகையைப் பார்த்துப் பிரிவு ஒதுக்குவார்கள், அதற்கு மருத்துவச் சான்று சரியாக இருக்க வேண்டும். முதலமைச்சர் கோப்பையின் மாற்றுத்திறனாளிகள் பிரிவு, தொடங்குவதற்கு நல்ல இடம்.

பயிற்சியாளரை மாற்றலாமா?

ஒரு தோல்விக்காக மாற்றாதீர்கள். அடிக்கிறார், காயத்தோடு ஓட வைக்கிறார், பிள்ளை அவர் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். மாற்றும்போது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

நாங்கள் தினமும் மைதானத்துக்கு வர வேண்டுமா?

வாருங்கள், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், 'கையை வீசு, கையை வீசு' என்று கத்தவும் வேண்டாம். அது என் வேலை, நான் போதுமான அளவு கத்துகிறேன். முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டுங்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டத்தைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். டீக்கடை தாண்டியதும் பிள்ளையே ஆரம்பிக்கும்.